தம்பிக்கு, அந்த அறையைப் பற்றி

புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் கட்டுக்குள் இல்லை. மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. சின்ன அத்தை வழக்கம்போல. செய்தி இவ்வளவுதான்.

நீ கடைசியாக அனுப்பிய படத்தை அப்பாவிடம் காட்டினேன். "யார் வீடு இது? சுவரெல்லாம் பொரிந்து கிடக்கிறதே, வாடகை எவ்வளவாம்?" என்று கேட்டார். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பிரெஞ்சு இயக்குநர் மெல்வில் 1967இல் எடுத்த 'சாமுராய்' படத்தின் முதல் காட்சி. கட்டிலில் ஆள் இருப்பதே முதலில் தெரியாது. சிகரெட் புகை மேலே போகும்போதுதான், ஓ, ஒருவன் படுத்திருக்கிறான் என்று புரியும். நடுவில் ஒரு கூண்டு, அதில் ஒரு குருவி. அதன் கீழே நீ எழுதியிருந்தது: "என் அறையும் இப்படித்தான்." அதற்குப் பிறகு ஒரு வரிகூட உன்னிடமிருந்து வரவில்லை. விளையாட்டாக அனுப்பியிருப்பாய். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் நீ விட்டுவிட்டுப் போன டிவிடி பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். இப்போது சாப்பாடு முடிந்ததும் தினமும் ஒரு படம். நான் பார்க்கிறேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிறார்.

அந்த அறை யாரும் குடியிருந்த அறை இல்லை, தம்பி. செட். பாரிஸில் நீ இருக்கும் பதின்மூன்றாம் வட்டாரத்திலேயே ழென்னர் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் மெல்வில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தார், மேலேயே குடியிருந்தார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, அந்த ஆண்டு ஜூன் மாதம், ஸ்டூடியோ தீப்பிடித்து எரிந்துபோனது. அந்தக் குருவியும் தீயில் செத்துப்போனது. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளைபோல எடுக்க வேண்டும் என்று மனிதருக்கு ஒரு பிடிவாதம். யோசித்து யோசித்துச் சாயத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்த அறை அது. காமிராவுக்கு அழகாக இருக்கும். அதில் ஒரு மனிதனால் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருக்க முடியுமா? கஞ்சி வைத்துக் கொடுக்க அடுப்பு எங்கே இருக்கிறது?

படத்தின் தொடக்கத்தில் புலியின் தனிமையைப் பற்றி ஒரு வாசகம் வருமே, ஜப்பானிய சாமுராய்களின் நெறியான புஷிதோ நூலிலிருந்து என்று போட்டு. கல்லூரிக்குப் போன புதிதில் அதை எழுதி உன் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தாய். எந்த நூலிலும் அப்படி ஒரு வாசகம் கிடையாது. மெல்வில் தானே எழுதிக்கொண்டது. அவருடைய இன்னொரு படமான 'லெ செர்க்ல் ரூஜ்'இல் புத்தர் சொன்னதாக வருவதும் அவருடைய கைச்சரக்குதான். இது உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஒட்டினாய் பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

'சாமுராய்' நாயகன் அலென் தெலோனின் அந்த மழைக்கோட்டையும் தொப்பியையும் வாய் பேசாத முகத்தையும் உலகமே எடுத்து மாட்டிக்கொண்டது. 1978இல் வால்டர் ஹில் 'தி டிரைவர்' எடுத்தார்; அதில் நாயகனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. 1989இல் ஹாங்காங்கில் ஜான் வூ 'தி கில்லர்' எடுத்தார். தேவாலயம், புறா, இரண்டு கையிலும் துப்பாக்கி என்று அமர்க்களம், ஆனால் அடியில் இருப்பது தெலோன்தான். 2011இல் 'டிரைவ்'. 2023இல் டேவிட் ஃபின்ச்சர் ஒரு கொலைகாரனைக் காட்டினார். வெளியே வாய் திறக்காதவன் மனதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறான். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. தனியாக இருப்பவர்கள் பேசாமல் இருப்பதில்லை. கேட்க ஆள் இல்லாமல் பேசுகிறார்கள்.

ஒருவர்தான் கொஞ்சம் புத்தியோடு செய்தார் என்பேன். ஜிம் ஜார்முஷ், 1999இல், 'கோஸ்ட் டாக்'. அவனும் தனியாள்தான், மொட்டைமாடியில் புறா வளர்க்கிறான், 'சாமுராய்'யில் தெலோன் கார் திருட வைத்திருக்கும் சாவிக்கொத்து விஷயத்தைக்கூட அப்படியே எடுத்து நவீனமாக்கியிருக்கிறார். ஆனால் அவனுக்கு ஒரு நண்பன் உண்டு. ஐஸ்கிரீம் விற்கிறவன், பிரெஞ்சு மட்டுமே பேசுவான். இவனுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தும் இருவரும் மணிக்கணக்கில் பழகுகிறார்கள். மொழியே தெரியாத ஒருவனிடம் போய் நிற்கிறான் அவன். உனக்குத் தமிழும் தெரியும், பிரெஞ்சும் தெரியும், ஆங்கிலமும் தெரியும்.

பெரியம்மா போன் செய்தாள். ஷாத்லே நிலையத்தில் உன்னைப் பார்த்ததாகச் சொன்னாள். நீதானா என்று அவளுக்கே நிச்சயம் இல்லையாம். கூப்பிட்டாளாம், திரும்பவில்லையாம். இளைத்திருந்தான் என்றாள். அந்த நிலையத்தில் எப்படிப்பட்ட கூட்டம் என்று எனக்குத் தெரியாதா, அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. தெலோனும் மெட்ரோவில்தான் போலீஸிடமிருந்து நழுவிப் போவான். அவனைத் துரத்தியவர்கள் போலீஸ்காரர்கள். பெரியம்மா ஒரு கத்தரிக்காய்ப் பையோடு நின்றிருக்கிறாள்.

ஒழுங்காகச் சாப்பிடு. காபியும் ரொட்டியும் சாப்பாடு ஆகாது.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. 1954இல் ழாக் பெக்கேர் எடுத்த 'தூஷே பா ஓ கிரிஸ்பி'யை நேற்று மறுபடியும் பார்த்தேன். நீ சின்ன வயதில் இதை மதிக்கவே மாட்டாய். கிழவர்கள் படம், ஒன்றுமே நடக்கவில்லை என்பாய். கொள்ளை நடந்து முடிந்த பிறகுதான் படமே தொடங்குகிறது. தங்கக் கட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. ழான் கபேன், மாக்ஸ் என்ற பழைய தாதா. அவனுடைய நண்பன் ரித்தோன் ஒரு பெண்ணிடம் வாயை விட்டு எல்லாவற்றையும் கெடுத்துவைத்திருக்கிறான். மாக்ஸுக்குச் சரியான கோபம். நண்பனை யாருக்கும் தெரியாத தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். அங்கே அடிதடி நடக்கும் என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம். அவன் ஒயின் திறக்கிறான், வறட்டு ரொட்டியையும் இறைச்சிப் பத்தேயையும் எடுத்து வைக்கிறான். இருவரும் கத்தியால் தடவித் தடவிச் சாப்பிடுகிறார்கள், மொறுமொறுவென்று சத்தம் கேட்கிறது. திட்டுவதும் சாப்பாட்டுக்கு நடுவிலேயே நடக்கிறது. பிறகு மாக்ஸ் அலமாரியைத் திறந்து நண்பனுக்கு மடித்துவைத்த பைஜாமா ஒன்று, போர்வை, பல் துலக்கப் புது பிரஷ் எல்லாம் எடுத்துக் கொடுக்கிறான். இருவரும் பல் துலக்குகிறார்கள். ரித்தோன் கண்ணாடியில் தன் முகத்தைத் தடவிப் பார்க்கிறான், வயதாகிவிட்டதே என்று. அவ்வளவுதான் காட்சி. பின்னால் ரித்தோனை எதிரிகள் பிடித்துக்கொண்டு போகும்போது, அத்தனை தங்கத்தையும் கொடுத்து அவனை மீட்கப் போகிறானே மாக்ஸ், அது அந்தப் பைஜாமாவைக் கொடுத்த கைதான்.

பின்னால் வந்தவர்கள் இவர்களிடமிருந்து தொப்பியை எடுத்தார்கள், துப்பாக்கியை எடுத்தார்கள், அந்தச் சாம்பல் அறையை எடுத்தார்கள். பைஜாமாவை எடுத்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை. இருந்தால் சொல்.

பேசாமல் இருப்பதிலும் வகை இருக்கிறது. 'ரிஃபிஃபி'யில் நகைக்கடைக் கொள்ளை ஏறக்குறைய அரை மணி நேரம் ஒரு பேச்சும் இல்லாமல், இசையும் இல்லாமல் ஓடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதைப் பற்றி நீ பிரெஞ்சில் எழுதிய கட்டுரை இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் வகுப்பில் வேறு யாரால் அப்படி எழுத முடிந்தது? மேல்வீட்டுத் தரையில் ஓட்டை போடுகிறார்கள். ஒரு குடையை ஓட்டை வழியாக இறக்கி விரித்து, விழும் காரையை அதிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அபாய மணிக்குள் தீயணைப்பு நுரையை அடித்து அதன் வாயை அடைக்கிறார்கள். ஒருவன் கையை நீட்டினால் இன்னொருவன் சரியான கருவியை வைக்கிறான். அங்கே பேச்சு இல்லாததற்குக் காரணம், ஒருவரை ஒருவர் அவ்வளவு அறிந்திருப்பது. இசையமைப்பாளர் ழோர்ழ் ஒரிக் அந்தக் காட்சிக்கு இசை எழுதியிருந்தார். இசையோடும் இசையில்லாமலும் போட்டுப் பார்த்த பிறகு, வேண்டாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதை எடுத்த ஜூல்ஸ் தஸ்ஸேன் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று அங்கே மற்றவர்கள் இவர் பெயரைச் சொல்லிக் கொடுத்ததால் வேலையில்லாமல் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தவர். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கும் சேசார் பாத்திரத்தில் அவரே நடித்தார். வேலை போவது யாருக்கும் வரலாம், தம்பி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன். அதே மனிதர் 1955இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். 1964இல் 'தோப்காபி'யில் அவர் கூரையிலிருந்து ஆளைக் கயிற்றில் இறக்கியதைத்தான், 1996இல் 'மிஷன் இம்பாசிபிள்' பார்த்துவிட்டு வந்து நம் வீட்டுச் சோபாவிலிருந்து நீ தொங்கிக் காட்டினாய்.

'லெ த்ரூ'வும் அப்படித்தான். உன் வீட்டுக்கு அந்தப் பக்கம் லா சாந்தே சிறை இருக்கிறதல்லவா, 1947இல் அங்கே நடந்த தப்பிக்கும் முயற்சிதான் கதை. அதில் உண்மையிலேயே பங்கெடுத்த ஒருவரே நடித்திருக்கிறார். இரும்புத் துண்டால் சிமெண்ட் தரையை அடித்து உடைப்பதை வெட்டாமல் நிமிடக்கணக்கில் காட்டுகிறார் பெக்கேர். ஒருவன் கை ஓய்ந்தால் அடுத்தவன் வாங்கிக்கொள்கிறான். கண்ணாடிச் சில்லைப் பல் துலக்கும் பிரஷில் கட்டிக் கதவு ஓட்டை வழியாக வராந்தாவைப் பார்க்கிறார்கள். படம் வெளிவருவதற்குள், 1960 பிப்ரவரியில், பெக்கேர் இறந்துவிட்டார்.

அந்தப் பெண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். தீபாவளிக்கு அவளுக்கென்று எடுத்த புடவை பீரோவில் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும், அது என்ன சோறா கேட்கிறது.

2024 ஆகஸ்டில் தெலோன் இறந்த அன்று இரவு எனக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினாய். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒரு நடிகர் செத்தால்தான் அம்மா ஞாபகம் வருமா என்று மறுநாள் கோபமும் வந்தது. மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் எப்போது சாவார்கள் என்று நான் காத்துக்கொண்டிருக்க முடியாது.

'லெ செர்க்ல் ரூஜ்' படத்தில் தெலோனை விடு. இவ் மோந்தானைப் பார். 1970இல் வந்தது. முன்னாள் போலீஸ்காரன், குடித்துக் குடித்து அழிந்தவன், தனி அறையில் கிடக்கிறான். அலமாரிக்குள்ளிருந்து பல்லியும் எலியும் பாம்பும் ஊர்ந்து தன் மேல் ஏறுவதாக அவனுக்குத் தோன்றுகிறது, அலறுகிறான். அப்போது போன் மணி அடிக்கிறது. கட்டிலிலிருந்து விழுந்து எழுந்து எப்படியோ எடுத்துவிடுகிறான். ஒரு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். அடுத்த முறை பார்க்கும்போது முகம் மழித்து, சூட் போட்டு, ராஜாபோல வருகிறான். நகைக்கடையில் துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்திக் குறி பார்த்துவிட்டு, கடைசி நொடியில் கையில் எடுத்துப் பூட்டைச் சுட்டு அடிக்கிறான். கை நடுங்கவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்கிறான். பிறகு தன் பங்குப் பணம் வேண்டாம் என்கிறான்.

அவன் போனை எடுத்தான் என்பதைத்தான் சொல்ல வந்தேன். நான் அடிக்கும்போது நீ எடுப்பதில்லை. வேலையில் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இரவு பதினொரு மணிக்கு என்ன வேலையோ.

அதே படத்தில் வரும் இன்ஸ்பெக்டர், சிரிப்பு நடிகர் பூர்வில். அதில் அவர் சிரிக்கவே இல்லை, படம் வெளிவருவதற்குள் இறந்தும் போனார். அவருக்கும் வீட்டில் யாரும் இல்லை, மூன்று பூனைகள் மட்டும். வந்தவுடன் அவற்றுக்குச் சாப்பாடு வைப்பார். உனக்குப் பூனை வளர்க்க அனுமதி உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேள். குருவி வேண்டாம்.

பக்கத்துத் தெரு டீச்சரின் மகள் அடுத்த வாரம் பாரிஸ் வருகிறாள். வடகம், நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி கொடுத்தனுப்புகிறேன். பெரியம்மா வீட்டில்தான் கொடுப்பாள். உன் முகவரியை நான் கொடுக்கவில்லை, ஏனென்றால் இப்போது எது உன் முகவரி என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நீதான் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்.இ.ஆர். டி ரயிலைப் பிடித்தால் சார்செல் எவ்வளவு தூரம்? பெரியம்மா ஒன்றும் கேட்க மாட்டாள், கேட்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். கத்தரிக்காய் போட்டு மீன் குழம்பு வைப்பதாகச் சொன்னாள். இரவு அங்கேயே படுத்துக்கொள். பெரியப்பாவின் பைஜாமா உனக்குக் குட்டையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பிரஷ் மட்டும் எடுத்துக்கொண்டு போ.

சாப்பிடு. போனை எடு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: முந்தாநாள் லூயி மால் எடுத்த 'அசான்சேர் பூர் லெஷஃபோ' போட்டேன். முதலாளியைக் கொன்றுவிட்டுக் கயிற்றை மறந்து திரும்பிப் போனவன் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான், வாட்ச்மேன் கரண்டை அணைத்துவிட்டுப் போய்விடுகிறான். அவன் காதலியாக வரும் ழான் மோரோ ஷான்செலிசேயில் கடை வெளிச்சத்தில் அவனைத் தேடி நடக்கத் தொடங்கியதும், மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் அப்பாவைத் தாலாட்டித் தூங்கவைத்துவிட்டது. லிஃப்டுக்குள் இருந்தவன் வெளியே வந்தானா இல்லையா என்று இரண்டு நாளாக என்னை அரிக்கிறார். எனக்கு மறந்துவிட்டது, பையனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எட்டரை மணிக்குள் கூப்பிட்டால் விழித்திருப்பார்.