அது இயற்கைச் சீற்றம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகியின் நூலகக் கொடைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஜான்ஸ்டவுன் நகரை 1889 மே 31 அன்று அழித்த வெள்ளத்தை ‘இயற்கைச் சீற்றம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டு, பின்னர் அவர் அங்கே நூலகம் கட்டித் தந்ததை விரிவாகப் பாராட்டுகிறது. பாசனப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற என்னால் அந்த ஒரு வரியை ஏற்க இயலவில்லை.

பெருமழை பெய்தது உண்மைதான். ஆனால் 2,209 உயிர்களைக் கொண்டுபோனது, நகருக்கு 14 மைல் மேலே இருந்த சவுத் ஃபோர்க் மண் அணை உடைந்து வந்த நீர். கால்வாய்ப் போக்குவரத்துக்காக மாநில அரசு கட்டிய அந்த அணை, ரயில் வந்தபின் தேவையற்றுப் போய்க் கைமாறியது; இடையில் வாங்கிய ஒருவர் அடியில் நீரைத் திறந்துவிடும் மதகின் இரும்புக் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றார். 1879இல் அணை பிட்ஸ்பர்க் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகத்திடம் வந்தது. அவர்கள் குழாய்களைத் திரும்பப் பதிக்கவில்லை. குதிரை வண்டிகள் போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து வாங்கி ஏரியில் விட்ட பாஸ் மீன்கள் தப்பிவிடக் கூடாதென்று, உபரிநீர் வழிந்தோடும் கலிங்கின் குறுக்கே கம்பித் தடுப்பும் வைத்தார்கள். மதகு இல்லாத ஏரியில் உபரிநீருக்கு உள்ள ஒரே வழி கலிங்குதான். அதில் குப்பை கூளம் அடைத்துக்கொண்டால் நீர் கரைமேல் ஏறி வழியும், அப்படி வழியும்போது மண்கரை நிற்காது என்பது ஏரியைப் பார்த்துக்கொள்ளும் எந்த நீர்க்கட்டிக்கும் தெரிந்ததே.

எச்சரிப்பார் இல்லாமலும் போகவில்லை. ஜான்ஸ்டவுனின் கேம்ப்ரியா இரும்பு நிறுவனத்தை நடத்திய டேனியல் மோரல், 1880இல் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். வெளியேற்றுக் குழாய் இல்லை, பழுதுபார்ப்பும் சரியில்லை என்றார் ஃபுல்டன். சீர்செய்யும் செலவில் ஒரு பங்கைத் தாமே தருவதாக மோரல் சொல்லியும், தங்களால் யாருக்கும் ஆபத்தில்லை என்று கழகத் தலைவர் பெஞ்சமின் ரஃப் பதில் எழுதிவிட்டார்.

வெள்ளம் வந்த அன்று காலையில்தான் கழகத்தார் கூலியாட்களை விட்டுக் கரையின் மறுமுனையில் அவசரமாக வேறொரு வடிகால் வெட்டிப் பார்த்தார்கள். பயனில்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப்பின் அணை உடைந்து, சுமார் 2 கோடி டன் நீர் ஒரு மணி நேரத்துக்குள் நகரை அடைந்தது. ரயில்வேயின் கல்பாலத்தில் முட்டிக் குவிந்த இடிபாடுகள் தீப்பிடித்ததில், வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் சிலரும் மாண்டனர். இறந்தவர்களுள் 700க்கும் மேற்பட்டோர் அடையாளம் தெரியாமலே புதைக்கப்பட்டார்கள். தொடரப்பட்ட வழக்குகளில் எந்த நீதிமன்றமும் கழகத்தைப் பொறுப்பாளியாக்கவில்லை. கழகத்துக்காக வாதாடியது, அதன் உறுப்பினரான ஃபிலாண்டர் நாக்ஸின் வழக்கறிஞர் நிறுவனம்!

கார்னெகியும் அதே கழகத்தின் உறுப்பினர். நூலகம் கட்டியது நற்செயலே. அந்தக் கட்டடத்தில் இன்று வெள்ள அருங்காட்சியகம் இயங்குகிறது. ஆயினும் உடைமையாளர்கள் தர வேண்டியிருந்த இழப்பீடு வேறு, அவர்களுள் ஒருவர் விரும்பிக் கொடுத்த கொடை வேறு. கட்டுரை நூலாக வெளிவருமானால் ‘இயற்கைச் சீற்றம்’ என்பதை நீக்கி, கார்னெகியின் கழக உறுப்புரிமையையும் அவ்விடத்திலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி.