கைப்பேசி கற்பவர் கையிலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்களுக்குக் கைப்பேசி சொல்லித்தருவதைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் ‘பொறுமை வேண்டும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கே தடுக்கிறது, ஏன் தடுக்கிறது என்று தெரியாவிட்டால் எவ்வளவு பொறுமை இருந்தும் பயனில்லை. சொல்லித்தருபவரும் கற்பவரும் சேர்ந்து களைத்துப்போவதுதான் மிச்சம்.

முதல் தடை விரல்நுனியில் இருக்கிறது. இன்றைய தொடுதிரை அழுத்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. திரைமேல் பரவியுள்ள நுண்ணிய மின்புலத்தில் விரல் உண்டாக்கும் மாற்றத்தைத்தான் அது உணர்கிறது. வயது ஏறினால் தோல் வறண்டுவிடும். வறண்ட விரல் லேசாகப் பட்டாலும், சதைக்கு முன் நகம் பட்டாலும் திரை அசையாது. அசையவில்லை என்றதும் அவர்கள் அழுத்திப் பிடிக்கிறார்கள். பொத்தான் வைத்த கருவிகளோடு பழகிய கை வேறெப்படிச் செய்யும்? ஆனால் அழுத்திப் பிடிப்பது திரைக்கு வேறொரு கட்டளை. ஐகான் இடம் நகரும், ‘நீக்கட்டுமா’ என்று கேட்கும். “நான் எதையும் செய்யவே இல்லை, எல்லாம் காணாமல் போய்விட்டது” என்ற புகார் பலமுறை இங்கிருந்துதான் கிளம்புகிறது. அவர்கள் சொல்வது உண்மை. அவர்கள் அறிந்து எதையும் செய்யவில்லை. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை (Accessibility) பகுதியில், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை ‘நீண்டது’ என மாற்றினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு, அடுத்தடுத்து விழும் தொடுகையைப் புறக்கணிக்கும் வசதி ஐஃபோனிலும் உண்டு.

அடுத்தது கண். 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எனவே எழுத்தைப் பெரிதாக்கும் முன் திரையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். எழுத்தை ஒரேயடியாக உச்ச அளவுக்குக் கொண்டுபோனால் ‘சரி’ என்ற பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடும்; பொத்தானே இல்லை என்று நினைத்து அவர்கள் காத்திருப்பார்கள். ஒன்றிரண்டு படி மட்டும் ஏற்றிப் பாருங்கள். திரை அணையும் நேரம் 30 விநாடியாக இருந்தால் 2 நிமிடமாக்குங்கள், படித்து முடிப்பதற்குள் அணைந்துவிடக் கூடாது. விரலை இழுத்துத் திரை மாற்றும் முறையை விட்டு, கீழே மூன்று பொத்தான்கள் தெரியும் பழைய முறைக்கு மாற்றிவிடுங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அந்த வசதி இன்னும் இருக்கிறது.

இவ்வளவு செய்த பிறகும் பாடம் கெடுவது, “இங்கே கொடுங்க, நான் செய்து தர்றேன்” என்று கைப்பேசியை வாங்கும்போதுதான். வாங்கியவர் விரல் ஐந்து விநாடியில் ஐந்து திரையைக் கடந்துவிடும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் பதியாது. கருவி முழு நேரமும் கற்பவர் கையில் இருக்க வேண்டும். சொல்லித்தருபவர் வாயால் சொல்லலாம், விரலால் சுட்டலாம், திரையைத் தொடக் கூடாது. ஓர் அமர்வுக்கு ஒரே வேலை போதும். காணொளி அழைப்பு என்றால் காணொளி அழைப்பு மட்டும். மூன்று முறை செய்யட்டும், மறுநாள் உதவியில்லாமல் ஒருமுறை, சில நாள் கழித்து இன்னொருமுறை. படிகளை அவர்களே தம் சொற்களில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. ‘வலது பக்கம் மேலே’ என்று இடத்தைக் குறித்தால் அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் அது பொய்த்துப்போகலாம்; ‘கேமரா படம் போட்ட பொத்தான்’ என்று எழுதினால் இடம் மாறினாலும் தேடிப் பிடிக்கலாம்.

வழி தவறுவதையும் பாடமாகவே வையுங்கள். வேண்டுமென்றே தெரியாத ஒரு திரைக்குள் போகச் சொல்லி, பின் அம்புக்குறியாலும் முகப்புப் பொத்தானாலும் திரும்பி வரச் செய்யுங்கள். திரும்பும் வழி தெரிந்தவருக்குத்தான் தொட்டுப் பார்க்கும் துணிவு வரும்.

இளையவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதும் நிறைய இருக்கிறது. அதற்கு ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று உட்காரவைத்தால் பேச்சு வராது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலை வேண்டும். பழைய புகைப்படங்களை எண்ணிமமாக்குவது, அதாவது டிஜிட்டல் கோப்புகளாக மாற்றுவது, அப்படிப்பட்ட வேலை. ஸ்கேனர் இளையவருக்குத் தெரியும். படத்தில் நிற்பவர் யார் என்பது மூத்தவருக்கு மட்டுமே தெரியும். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும், மறுபடி அச்சிட அது தாராளம். ஆல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும், மெழுகு பூசாத நூலை அடியில் விட்டு மெல்ல நகர்த்துங்கள். வரவில்லையென்றால் தாளோடு சேர்த்தே எடுத்துவிடலாம். பின்பக்கம் பெயர் எழுதப் பந்துமுனைப் பேனா ஆகாது, அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும். மென்மையான பென்சில் போதும், ஓரமாக எழுதுங்கள்.

“இது எந்த ஆண்டு?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. நினைவு ஆண்டுக்கணக்கில் அடுக்கப்பட்டிருப்பதில்லை. “மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்பா, பின்பா?”, “அப்போது எந்த வீடு?” என்று கேட்டால் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். கோப்பின் பெயரில் ஆண்டை முதலில் போடுங்கள், ‘1968 ஏறத்தாழ’ என்றாலும் சரி. பேசுவதைப் பதிவு செய்ய, கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, விசிறியை நிறுத்தி, வாயிலிருந்து ஓரிரு சாண் தள்ளி வைத்தால் போதும். ஒரு நிமிடம் பேசவைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பகம், அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று, சரிபார்க்கும் பழக்கம். எண்களை நோட்டில் எழுதி வைத்தவர்கள், கையெழுத்துக்கு முன் தாளை இருமுறை படித்தவர்கள் மூத்தவர்கள். குரலையே போலியாக உருவாக்க முடிகிற இந்தக் காலத்தில் அது இளையவருக்கும் வேண்டும். “அவசரம், பணம் அனுப்பு” என்று பேரனின் குரலே வந்தாலும் அழைப்பைத் துண்டித்து, நோட்டிலுள்ள எண்ணுக்கு நாமே அழைப்பது. குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைக் கேட்பது. ஓடிபியை யாருக்கும் சொல்லாமலிருப்பது. திரையைப் பகிரச் சொல்லும் அந்நியர் யாராக இருந்தாலும் மறுத்துவிட வேண்டும்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. ஒருவர் மறைந்தபின் அவர் கணக்கிலுள்ள படங்கள் என்னாகும்? இரண்டு ஆண்டுகள் பயன்படாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. செயலற்ற கணக்கு நிர்வாகி என்ற வசதியில் 3 முதல் 18 மாதம் வரை காலம் குறித்து, அதன்பின் தரவு யாருக்குப் போக வேண்டும் என்று உயிரோடிருக்கும்போதே பதியலாம். ஆப்பிளில், மறைவுக்குப்பின் கணக்கை அணுகக்கூடியவரை முன்பே குறித்து வைக்கும் ‘மரபுத் தொடர்பு’ வசதி 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. அதற்கான அணுகல் குறியீட்டை அச்சிட்டு, முக்கியத் தாள்களோடு வைக்க வேண்டும். இந்த அமைப்புகளைத் திறக்கும் வழியை, வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி பெரிய எழுத்தில் தங்கள் இதழில் வெளியிடக் கோருகிறேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்