பணிக்காலத்தையும் சேர்த்து ஒப்படையுங்கள்

பெருமதிப்பிற்குரிய சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் கொடுக்கப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தபோது, சம்பளக் குறைப்பும் பணி நிரந்தரமும் ஊரெங்கும் பேசப்பட்டன. ஒரு நகராட்சியில் சம்பளப் பட்டியல் போட்டே காலம் கழித்தவன் என்ற முறையில், அவ்வளவாகப் பேசப்படாத பணிக்காலத் தொடர்ச்சியைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

ஒப்பந்ததாரர் மாறும் நாளில் தெருவும் மாறுவதில்லை, துடைப்பமும் மாறுவதில்லை. வருகைப் பதிவேட்டின் தலைப்பில் உள்ள பெயர்தான் மாறுகிறது. வேலையை விடும்போது மொத்தமாகத் தரப்படும் தொகைக்கான 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர் பணியைக் கேட்டது. ஒருவரிடம் நான்கு ஆண்டும், அடுத்தவரிடம் நான்கு ஆண்டும் அதே தெருவைக் கூட்டியவருக்கு அந்தக் கணக்கில் ஒரு பைசாவும் சேராது. தொடர்ச்சி காக்கப்பட்டிருந்தால், மாதம் 15,600 ரூபாய் ஊதியத்திற்கு, மாதத்திற்கு 26 வேலை நாள், ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் எட்டு ஆண்டுக்கு 72,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும்.

வருங்கால வைப்பு நிதியிலும் இதே கதைதான். என் காலத்தில், புது ஒப்பந்ததாரர்கள் தொழிலாளியின் பழைய கணக்கு எண்ணைக் கேட்காமலே புதுக் கணக்குத் தொடங்கிவிடுவார்கள். ஒன்றில் லட்சுமி, மற்றதில் லெட்சுமி என்றிருக்க, அந்த ஓர் எழுத்தைத் திருத்த அந்த அம்மா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நிதிவழி ஓய்வூதியத்திற்குப் பத்தாண்டுப் பணி வேண்டும் என்னும்போது, இணைக்கப்படாத கணக்கு வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடுவதில்லை.

இவர்கள் சுய உதவிக் குழுக்கள் வழியாக வந்தவர்கள், மாநகராட்சி ஊழியர்களே அல்லர் என்று அலுவலகத்தில் குறிப்பு எழுதப்படலாம். (அப்படிப்பட்ட குறிப்புகளை நானும் எழுதியிருக்கிறேன்.) ஆனால், நிறுவனம் கைமாறும்போது பணி அறுபடக்கூடாது, நிபந்தனைகள் குறையக்கூடாது, பழைய ஆண்டுகளுக்கும் புதியவரே பொறுப்பு, இல்லையேல் இழப்பீடு என்ற நெறியைத் தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு எப்போதோ வகுத்துவிட்டது. அந்த நெறியை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையில் எழுத எது தடை?

வைப்பு நிதி, இஎஸ்ஐ செலுத்திய சலானைப் பெயர் பெயராகச் சரிபார்த்த பிறகே ஒப்பந்ததாரரின் மாதப் பட்டியலுக்குப் பணம் வழங்க வேண்டும் என்றும், வெளியேறும் ஒப்பந்ததாரர் கட்டிவைத்த காப்புத் தொகையைத் தொழிலாளர்களின் பணிக்கொடை தீராமல் விடுவிக்கக்கூடாது என்றும் ஆணையிடுங்கள். அதற்கு முன், இவ்விரு மண்டலங்களிலும் ஒவ்வொருவரும் முதன்முதலாக வேலைக்கு வந்த நாளைப் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து, முத்திரையிட்ட சான்றாக அவரவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பதிவேடுகளைக் கரையான் அரிக்க அதிக நாள் ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்கர் ஒருவர்