"ஒருநாள்தானே" என்று பிள்ளையை மறிக்காதீர்கள்: பெற்றோருக்கு ஓர் அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும், பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும்,

வணக்கம்.

இந்தத் தவணையின் இடாப்புகளை வகுப்பாசிரியர்களோடு இருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கிழமைக்கணக்கில் வராமல் நிற்கும் பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் மிகக் குறைவு. அந்த வீடுகளின் நிலைமையும் எங்களுக்குத் தெரியும். எனக்குக் கவலை தருவது, இடையிடையே ஒருநாள், இரண்டு நாள் என்று நிற்கிற பிள்ளைகள்தான். அந்த நாட்களும் பெரும்பாலும் திங்களிலும் வெள்ளியிலுமே விழுகின்றன. போயா (பௌர்ணமி) லீவு வியாழனில் வந்துவிட்டால் வெள்ளியும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. ஏன் வரவில்லை என்று கேட்டால், "ஒருநாள்தானே, கொப்பியைப் பார்த்து எழுதிப்போடுவான்" என்ற பதில் வருகிறது.

கிழமையில் ஒருநாள் என்பது ஐந்தில் ஒரு பங்கு. தரம் 1 இலிருந்து தரம் 5 வரை ஒரு பிள்ளை அப்படியே நின்று வந்தால், ஐந்து வருடத்தில் ஒரு வருடம் முழுதாகப் போய்விடும். அந்தப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து தரம் 6 இற்குப் போகும். ஆனால் நான்கு வருடப் படிப்போடுதான் போகும்.

கொப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்ன வகுப்புகளில் படிப்பின் பெரும்பகுதி கொப்பியில் இல்லை. தரம் 1, 2 பாடத்திட்டமே விளையாட்டையும் செயற்பாட்டையும் முன்னுக்கு வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மேசையில் இருந்து எழுதுவது அதற்குப் பிறகுதான் வரும். பிள்ளை நிலத்தில் இருந்து செய்ததும், வாய்விட்டுச் சொன்னதும், பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து எண்ணியதும் எந்தக் கொப்பியிலும் பதிவாவதில்லை.

கழித்தல் படிப்பிக்கும் விதத்தைப் பாருங்கள். ரீச்சர் பத்துப் பத்து ஈர்க்குகளாகக் கட்டி வைத்திருப்பார். 32 என்றால் மூன்று கட்டும் இரண்டு தனி ஈர்க்கும். அதிலிருந்து ஏழை எடுக்கச் சொன்னால் பிள்ளை இரண்டு ஈர்க்கைப் பார்த்து முழிக்கும். அந்த முழியில்தான் படிப்புத் தொடங்குகிறது. ரீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு பிள்ளை, "ஒரு கட்டை அவிழ்ப்பமா?" என்று கேட்கும். அவிழ்த்தால் பன்னிரண்டு தனி ஈர்க்கு. ஏழை எடுத்தால் ஐந்து மிச்சம், இரண்டு கட்டு அப்படியே இருக்கிறது. விடை 25. அன்று வந்த பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் கண்ணால் கண்ட விஷயம். அன்று நின்ற பிள்ளைக்கு அடுத்த நாள் கொப்பியில் கிடைப்பது, மூன்றை வெட்டி மேலே இரண்டு எழுதியிருக்கும் ஒரு கணக்கு மட்டுமே. அது பார்த்து எழுதும், பிழையில்லாமலும் எழுதும். ஆனால் மூன்று ஏன் இரண்டானது என்று அதற்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளையைப் பற்றி, "இவனுக்குக் கணக்கு ஓடாது" என்று நாங்கள் எல்லோரும் சொல்லத் தொடங்குவோம்.

வாசிப்பும் அப்படித்தான். 'கொடி' என்ற சொல்லில் முன்னால் கொம்பும் பின்னால் அரவும் சேர்ந்து ஒரே சத்தமாக வரும் என்பதைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நாளைத் தவறவிட்ட பிள்ளை 'கெடி' என்று வாசித்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் சிரித்ததும் வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு எழும்பி வாசிக்கச் சொன்னாலே அதற்குப் பயம். வட்ஸ்அப்பில் பாடத்தைப் படமெடுத்து அனுப்பி இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே, தவிர்க்கக்கூடிய நாட்களைத் தவிர்ப்போம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடக்கும். எங்கள் ஊர்க் கோவில்களிலும் திருவிழாக்கள் உண்டு. பிள்ளைகள் போகத்தான் வேண்டும், அது எங்களுடைய வாழ்க்கை. ஆனால் இரவுத் திருவிழா பார்த்து நடுச்சாமத்தில் படுத்த பிள்ளை அடுத்த நாள் எழும்பாது. பாடசாலை நாட்களில் நேரத்தோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தங்கள் வரும்போது பிள்ளையையும் ஊர் சுற்றக் கூட்டிப்போக ஆசைப்படுவார்கள். சனி, ஞாயிறைச் சொல்லுங்கள். வந்தவர்கள் கோபிக்க மாட்டார்கள். அந்த நாடுகளிலும் பாடசாலை நாளில் பிள்ளையைச் சும்மா நிற்பாட்ட விடமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

தரம் 5 பெற்றோருக்கு ஒன்று. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறோம் என்று மறிப்பதும், பரீட்சை முடிந்ததும் இனி என்ன இருக்கிறது என்று அனுப்பாமல் விடுவதும் கூடிக்கொண்டு போகிறது. பரீட்சைக்குப் பிறகும் தரம் 5 இல் பாடம் இருக்கிறது. தரம் 6 இல் ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு வேறு ஆசிரியர் வருவார். அதற்குப் பிள்ளையைத் தயார்படுத்தும் மாதங்கள் அவை. பின்னேர ரியூசனுக்குத் தவறாமல் போகிற பிள்ளை காலையில் பாடசாலைக்கு வராமல் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வருத்தம் என்றால் கதை வேறு. காய்ச்சலோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம். விடியப்புறம் பனடோல் கொடுத்துச் சூட்டை இறக்கிவிட்டு அனுப்பவும் வேண்டாம். ஐப்பசி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு தலைகாட்டத் தொடங்கிவிடும். டெங்கில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் பிள்ளையை உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய நேரம். ஆகவே காய்ச்சல் விட்டுவிட்டது என்று அன்றைக்கே அனுப்பாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள், அவர் சொன்ன நாள்வரைக்கும் வீட்டில் வைத்திருங்கள். அந்த நாட்களில் தவறிய பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. இதனால்தான் இந்த வருடப் பரிசளிப்பில் முழு வரவுக்கான பரிசு இருக்காது. பரிசுக்காகக் காய்ச்சலோடு வந்து மேசையில் தலைசாய்த்திருக்கும் பிள்ளையைப் பார்க்க எங்களுக்கு மனமில்லை. போன தவணையை விட வரவு கூடிய பிள்ளைகளைப் பாராட்டுவோம்.

அடுத்து, உங்களில் பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணங்கள். இருக்கிறது ஒரு சோடி வெள்ளை உடுப்பு. மழையில் அது காயவில்லை. சப்பாத்து கிழிந்துவிட்டது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசு கட்டவில்லை, ரீச்சர் கேட்டுவிடுவாரோ என்று பிள்ளைக்கு வெட்கம். தயவுசெய்து இவற்றுக்காக ஒருநாளும் பிள்ளையை நிற்பாட்ட வேண்டாம். உடுப்புக் காயாவிட்டால் கலர் உடுப்போடு அனுப்புங்கள், செருப்போடு அனுப்புங்கள். கேற்றில் யாரும் மறிக்க மாட்டார்கள். காசு விஷயத்தைப் பிள்ளையிடம் யாரும் கதைக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு வசதியில்லாத நாளென்றால் அது பிள்ளையை அனுப்புவதற்கு இன்னும் பெரிய காரணம். இங்கே சத்துணவு சமைக்கிறார்கள்.

விடியச் சந்தைக்கும் தோட்ட வேலைக்கும் போகிற அம்மாமார், வெங்காயம் கிண்டுகிற நாட்களில் தரம் 4, 5 படிக்கும் பெண்பிள்ளையைச் சின்னத் தம்பியைப் பார்க்க விட்டுவிட்டுப் போவது எனக்குத் தெரியும். நாள் கூலியை விடச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பதிலாக வேறு வழி பார்ப்போம். உங்கள் ஒழுங்கையில் உள்ள வேறொரு வீடு, முன்பள்ளி, அம்மம்மா என்று கதைத்துப் பார்க்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் அம்மாமார் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளை கட்டாயம் பாடசாலையில் இருக்க வேண்டும் என்று 2016 இலிருந்து சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி யாரையும் வெருட்டுவது என் நோக்கமில்லை. 1945 இலிருந்து இந்த நாட்டில் இலவசமாகக் கிடைக்கிற படிப்பு, தம்பியைப் பார்க்க ஆளில்லை என்ற காரணத்தால் ஒரு பெண்பிள்ளைக்குக் கிடைக்காமல் போகக் கூடாது என்பதே என் ஆதங்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாடசாலை நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி வந்து, பத்து மணிக்கு மாறிவிடுகிறதா? பொய் சொல்கிறது என்று ஏசாதீர்கள். பயந்த பிள்ளைக்கு உண்மையாகவே வயிறு வலிக்கும். வகுப்பில் யாராவது பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, வானில் வரும்போது பெரிய பிள்ளைகள் தொந்தரவு செய்கிறார்களா, ரீச்சருக்குப் பயமா என்று ஆறுதலாகக் கேளுங்கள். பாடசாலையில் பிள்ளையை அடிப்பதற்கு இடமில்லை. அப்படி ஏதும் நடந்தால் நேரே என்னிடம் வாருங்கள். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சுணங்கி வந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள். ஏழரைக்கு மணி அடித்துவிட்டது, இனி ஏச்சு விழும் என்று பாதி வழியில் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு மணிக்கு வந்தாலும் பிள்ளையை வகுப்பில் இருத்துவோம். அடிக்கடி சுணங்கினால் உங்களோடு கதைப்போம், பிள்ளையோடு அல்ல.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஒரு புது ஒழுங்கு. பிள்ளை வரவில்லை என்றால் ஒன்பது மணிக்குள் வகுப்பாசிரியர் உங்களுக்குப் போன் எடுப்பார். மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் நானோ, ஓர் ஆசிரியரோ வீட்டுக்கு வருவோம். விசாரணைக்கு வருவதாக நினைக்க வேண்டாம். பிள்ளையைப் பார்க்கத்தான் வருகிறோம், தேத்தண்ணி ஒன்றும் வைக்க வேண்டாம். முன்கூட்டியே தெரிந்த லீவு என்றால், கலியாண வீடு, அந்தியேட்டி எதுவாக இருந்தாலும், ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள். அன்றைய பாடத்தை அடுத்த நாள் எப்படிக் கொடுப்பது என்று ரீச்சர் திட்டமிடலாம்.

இதற்கு உங்கள் போன் இலக்கம் சரியாக இருக்க வேண்டும். இடாப்பில் உள்ள இலக்கங்களில் பல இப்போது வேலை செய்வதில்லை. நாளைக்கே பிள்ளையின் கொப்பியில் புது இலக்கத்தையும், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் எடுக்கக்கூடிய இன்னொருவரின் இலக்கத்தையும் எழுதி அனுப்பிவிடுங்கள். நேரில் கதைக்க விரும்புகிறவர்கள் காலை ஏழு மணியிலிருந்து கேற்றடிக்கு வரலாம், அங்கேதான் நிற்பேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
அதிபர்