இலவசத் தொலைபேசி அமைப்பும் 32 விநாடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன்பு தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில், சிறு வணிகர்கள் அலுவலகச் செலவைக் குறைக்கும் வழிகளைப் பற்றிய கட்டுரையொன்று வந்திருந்தது. அதில், இலவச மென்பொருளைக் கொண்டே அலுவலகத் தொலைபேசி அமைப்பை நிறுவிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி பொய்யன்று. ஆனால் அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதை இரண்டு ஆண்டுகளாகப் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில், கட்டுரையில் விடுபட்டவற்றை மற்ற வணிகர்களின் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பினாங்கு லெபோ பசாரில் மசாலைப் பொருள்களை மொத்தமாக விற்கும் ஒரு பழைய கடைவீட்டில் கணக்கையும் நிர்வாகத்தையும் கவனிப்பவன் நான். கடையிலும் மாடியிலுமாக ஆறு தொலைபேசிகள், கடலுக்கு அப்பால் பிறையிலுள்ள கிடங்கில் மூன்று, ஆக மொத்தம் ஒன்பது. உள் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் எங்கள் பழைய பரிமாற்றப் பெட்டி பழுதானபோது, புதிய பெட்டிக்குச் சொல்லப்பட்ட விலை எங்கள் ஓராண்டுத் தொலைபேசிக் கட்டணத்தைக் காட்டிலும் அதிகமாக இருந்தது. அப்போதுதான், சாதாரணக் கணினியையே பரிமாற்றப் பெட்டியாக்கும் ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தம் சிறு நிறுவனத்துக்குத் தொலைபேசிப் பரிமாற்றப் பெட்டி வாங்கப் பணம் போதாமல், 1999-இல் தாமே எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. எங்களைப் போன்ற நிலையில் இருந்த ஒருவரால் பிறந்தது என்பதாலேயே எனக்கு அதன்மீது ஒரு பற்று. அதன் மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. அதை உலாவியில் பொத்தான்களை அழுத்தியே நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற மேலுறையும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் சில கூடுதல் வசதிகளுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும், அவை இல்லாமலே எங்கள் வேலை நடக்கிறது.

ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு சிறு கணினியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. தெரிந்த இளைஞர் ஒருவர் இரண்டு நாளில் எல்லாவற்றையும் நிறுவிக் கொடுத்தார். மூன்று மாதம் குறையொன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் இரவு இடிமழையில் மின்சாரம் போய் வந்தது. மறுநாள் காலையிலிருந்து, வெளியிலிருந்து வரும் அழைப்புகளில் வாடிக்கையாளர் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது அவர்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. கைப்பேசியில் அழைத்து, ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்டார்கள்.

முகப்பில் அமர்ந்திருக்கும் அக்காதான் முதல் தடயத்தைக் கண்டுபிடித்தார். "பேச்சு கேக்காதது மட்டும் இல்ல தம்பி, அரை நிமிஷத்துல லைனும் போயிடுது" என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பழைய பில் புத்தகத்தின் பின் அட்டையில் அவர் குறித்து வைத்திருந்த எண்களை இன்னும் வைத்திருக்கிறேன்: 32, 32, 31, 32. இணையச் சேவை நிறுவனத்தை அழைத்தால் "லைனில் கோளாறு இல்லை" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். மழையாலோ கம்பியாலோ ஏற்படும் கோளாறு ஒரே விநாடியில் வந்து நிற்காது. இத்தனை ஒழுங்காக ஒரு தவறு நடக்கிறதென்றால், எங்கோ ஒரு விதி அதை நடத்துகிறது என்று பொருள்.

அந்த விதி இதுதான். இணையவழித் தொலைபேசிகள் பின்பற்றும் சிப் என்ற நெறிமுறையின்படி, நாம் அழைப்பை எடுத்ததும் நம் அமைப்பு "எடுத்தாயிற்று" என்று எதிர்முனைக்குச் செய்தி அனுப்பும்; எதிர்முனை "அறிந்தோம்" என்று பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அரை விநாடியின் 64 மடங்கு, அதாவது 32 விநாடி காத்திருந்து, அதற்கும் பதிலில்லையெனில் அழைப்பைத் துண்டித்துவிடும். ஆக, எங்கள் செய்தி போய்ச் சேர்கிறது, பதில் எங்களை வந்தடையவில்லை. பேச்சின் கதையும் அதேதான்.

காரணம் முகவரி. கடைக்குள்ளிருக்கும் கணினிக்கு முகவரியாக உள்வீட்டு எண் ஒன்று உண்டு. வெளியுலகம் அறிவது ரவுட்டருக்கு இணையச் சேவை நிறுவனம் கொடுத்த வேறோர் எண்ணை. "மாடியில் இரண்டாவது அறை" என்று மட்டும் எழுதிக் கடிதம் அனுப்பினால் தபால்காரர் பதிலை எங்கே கொண்டுவந்து கொடுப்பார்? ஆகவே ஆஸ்டெரிஸ்கிடம், வெளியே போகும் செய்திகளில் தெருவின் பெயரைப் போடு என்று சொல்லி வைக்க வேண்டும். இளைஞர் அதைச் சரியாகவே செய்திருந்தார். ஆனால் எங்கள் இணைப்பின் வெளியெண் நிலையானதன்று. மின்சாரம் போய் ரவுட்டர் மறுபடி எழுந்தபோது புதிய எண் வந்துவிட்டது. ஆஸ்டெரிஸ்கோ பழைய தெருவின் பெயரையே எழுதிக்கொண்டிருந்தது. ஃப்ரீபிபிஎக்ஸில் சிப் அமைப்புகள் என்ற பக்கத்தில் வெளி முகவரி, உள் வலையமைப்பு என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பிணைய விவரங்களைத் தானே கண்டறியும் பொத்தான் ஒன்றும் அங்கேயே உண்டு. அதை அழுத்திச் சேமித்து, மாற்றத்தை நடைமுறைப்படுத்தியதோடு வேலை முடிந்தது. கோளாறைத் தேடியது ஒன்றரை நாள், தீர்த்தது ஐந்து நிமிடம். பிற்பாடு மாதக் கட்டணத்தோடு சற்றுக் கூடுதலாகச் செலுத்தி நிலையான வெளியெண்ணை வாங்கிக்கொண்டோம்.

பிறைக் கிடங்கின் தொலைபேசிகள் வேறு விதத்தில் தொல்லை கொடுத்தன. பல ரவுட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்றொரு வசதி நாம் கேளாமலே இயங்கிக்கொண்டிருக்கும். தொலைபேசிச் செய்திகளுக்குள் புகுந்து முகவரிகளைத் திருத்துவது அதன் வேலை. அழைக்காமலே வந்து அடுப்படியில் கை வைக்கும் உறவினரைப் போல, பெரும்பாலும் குழம்பைக் கெடுத்துவிட்டுத்தான் போகும். அதை அணைத்ததும் தொலைபேசிகள் அடங்கின.

இதையெல்லாம் அந்த இளைஞரையே கேட்டிருக்கலாமே என்று வாசகர்கள் நினைக்கலாம். அவர் அதற்குள் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் பதில் எழுதியவர் அவர். குறை என்னுடையது. நிர்வாகக் கடவுச்சொல்லை நான் கேட்டு வாங்கி வைக்கவில்லை, காப்பு நகல் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கவில்லை. இளைஞர் பேருந்தில் இருந்தபடி கைப்பேசியில் கடவுச்சொல்லைத் தேடி அனுப்பும் வரையில் அரை நாள், எங்கள் கடையின் தொலைபேசி எங்களுடையதாகவே இல்லை. கட்டுரை சொன்ன "இலவசம்" என்ற சொல்லில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுவே. மென்பொருளுக்குப் பணம் வேண்டியதில்லை. அதைப் புரிந்துகொண்ட ஒருவர் கடைக்குள் இருந்தாக வேண்டும். அவர் பொறியியல் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. நான் படித்தது கணக்கியல்.

அடுத்தது திருட்டு. இதைக் கட்டுரை தொடவே இல்லை என்பது எனக்கு வருத்தம். கிடங்கின் தொலைபேசிகளுக்காக ரவுட்டரில், சிப் செய்திகள் வந்துபோகும் 5060 என்ற வாயிலைத் திறந்து வைத்திருந்தோம். ஒரு நாள் ஆஸ்டெரிஸ்க் தானே எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து 100, 101, 1000 என்று உள் தொலைபேசி எண்களை மாற்றி மாற்றிப் போட்டு உள்ளே நுழைய முயன்ற வரிகள் திரை நிறைய ஓடிக்கொண்டிருந்தன. இது எவரும் எங்களைக் குறிவைத்துச் செய்ததன்று. இணையம் முழுவதையும் இடைவிடாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் செய்வது. எங்கேனும் ஒரு தொலைபேசிக்குக் கடவுச்சொல்லும் அதன் எண்ணும் ஒன்றாக இருந்தால் நுழைந்துவிடுவார்கள். நுழைந்ததும் அதிகக் கட்டணம் விதிக்கும் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகளைக் கொட்டுவார்கள். அந்தக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. இதற்கு அவர்கள் விரும்பும் காலம் கடைகள் மூடியிருக்கும் நீண்ட விடுமுறை. தீபாவளிக்கு நான்கு நாள் கதவடைக்கும் நம் வணிகர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நாங்கள் அந்த வாயிலையே மூடிவிட்டோம். வெளி அழைப்புகளைக் கொண்டுவரும் சேவை நிறுவனத்தின் வழித்தடம் எங்கள் பக்கத்திலிருந்து பதிவு செய்துகொள்வது என்பதால் அதற்குத் திறந்த வாயில் தேவைப்படவில்லை. கிடங்கின் தொலைபேசிகளை விபிஎன் என்ற, இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப்பாதை வழியாக இணைத்தோம். ஃபெயில்டுபேன் என்ற காவல் நிரல், சில முறை தவறாக முயன்ற முகவரியைத் தானே தடுத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 00 என்று தொடங்கும் வெளிநாட்டு அழைப்புகள் முதலாளியின் தொலைபேசியிலிருந்து மட்டுமே, அதுவும் இரகசிய எண்ணை அழுத்திய பிறகே போகும்படி வைத்தோம். திருடன் நுழைந்தாலும் எடுத்துப்போக ஒன்றுமில்லாதபடி செய்வதே நல்ல பூட்டு என்பது என் எண்ணம்.

எங்கள் பழைய 04 எண்ணை விட மனமில்லாத கதையும் உண்டு. இருபது ஆண்டுகளாகப் பெயர்ப்பலகையிலும் பில்லிலும் அச்சாகிவரும் எண் அது. இப்போது கண்ணாடி இழை இணைப்பின் பெட்டியிலிருந்து சாதாரணத் தொலைபேசித் துளை வழியாக வருகிறது. அதை ஆஸ்டெரிஸ்கோடு சேர்க்க, சாதாரணத் தொலைபேசி லைனை ஏற்கும் எஃப்எக்ஸ்ஓ துளையுள்ள சிறு பெட்டியொன்று வாங்கினோம். வாடிக்கையாளர் பேசி வைத்துவிட்ட பிறகும் அந்தப் பெட்டி லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்து அழைப்பவருக்கு எப்போதும் எங்கேஜ் ஒலிதான். எதிர்முனை வைத்துவிட்டதும் லைனில் எழும் எங்கேஜ் ஒலியைக் கேட்டுத்தான் பெட்டி லைனை விட வேண்டும். ஆனால் அது ஆலையிலிருந்து வரும்போது அமெரிக்க ஒலிகளை அறிந்துகொண்டு வருகிறது. அங்கே எங்கேஜ் ஒலி 480, 620 ஹெர்ட்ஸ் என்ற இரண்டின் கலவை. நம் நாட்டிலோ 425 ஹெர்ட்ஸ், அரை விநாடி ஒலித்து அரை விநாடி அடங்குவது. தான் அறியாத ஒலியைக் கேட்டு அது எப்படி லைனை விடும்? பெட்டியின் அமைப்பில் ஒலி அளவை நம் நாட்டுக்கேற்ப மாற்றி எழுதியதும் தீர்ந்தது.

வரவேற்பு அறிவிப்பைத் தமிழில் வைக்க வேண்டுமென்பது முதலாளியின் விருப்பம். ஆஸ்டெரிஸ்கோடு வரும் ஆயத்த ஒலிப்பதிவு மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் நாமே பதிவு செய்து சேர்த்துக்கொள்ளத் தடையேதுமில்லை. எங்கள் தெருவில் பாட்டுக் கடைகள் ஒலிபெருக்கியைத் திறப்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, அக்காவே பேசிக் கொடுத்தார். தொலைபேசி ஒலியின் குறுகிய அலைவரிசையில் "ஏழை அழுத்தவும்", "எட்டை அழுத்தவும்" என்பவை வயதானவர்களின் காதில் ஒன்றாகவே விழுகின்றன என்று பிறகு தெரிந்தது. அதனால் மூன்றுக்கு மேல் எண்களையே வைக்கவில்லை. மலாயிலும் அதே குரல்தான்.

இம்முயற்சியில் இறங்க எண்ணுவோருக்கு இன்னும் இரண்டு செய்திகள். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல பழையவை. அவை சொல்லும், சிப் நெறிமுறையைக் கையாளும் சான்சிப் என்ற பகுதி 2023-இல் வெளிவந்த ஆஸ்டெரிஸ்க் 21-ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் பிஜேசிப் இருக்கிறது. ஃப்ரீபிபிஎக்ஸின் பழைய பதிப்புகள் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளத்துக்கான ஆதரவும் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. புதிதாக நிறுவுவோர் டெபியன் 12 என்ற இயங்குதளத்தின் மேல் இயங்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் 17-ஆம் பதிப்பில் தொடங்குவதே முறை. மற்றொன்று, இணைய வேகத்தைக் கூட்டச் சொல்லி யாரேனும் வற்புறுத்தினால் யோசியுங்கள். ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 90 கிலோபிட்டுக்கும் குறைவே தேவைப்படுகிறது; ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட் ஆகாது. எங்கள் கடையில் மாலை வேளைகளில் பேச்சு துண்டு துண்டாகக் கேட்டதற்குக் காரணம், கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் அதே நேரத்தில் இணையத்தில் மேலேறிக்கொண்டிருந்ததுதான். ரவுட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை கொடுத்தோம், கேமராவை நள்ளிரவுக்கு மாற்றினோம்.

மின்சாரம் நின்றால் இந்த அமைப்பு முழுவதும் நின்றுவிடும் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். கணினி, ரவுட்டர், இழை இணைப்புப் பெட்டி, தொலைபேசிகளை வலையமைப்பில் இணைத்து மின்சாரமும் தரும் சுவிட்ச் பெட்டி ஆகிய நான்கையும் மின்கலக் காப்புக் கருவியில் மாட்டியிருக்கிறோம். அப்படியிருந்தும் 999-ஐ அழைக்க வேண்டிய அவசரத்துக்குக் கைப்பேசியையே எடுக்கும்படி ஊழியர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசியாகத் தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் செய்திகளை நான் ஆங்கிலத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் அக்காவால் அது இயலாது. ஆனால் கோளாறு வரும்போது முதலில் அதைக் காண்பவர் அவர்தான். ஆகவே எதை முதலில் பார்ப்பது, எதை அணைத்து ஏற்றுவது, வெளி முகவரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காப்பு நகல் எந்தப் பென்டிரைவில் இருக்கிறது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கணினி இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். கடவுச்சொல் மட்டும் முதலாளியின் பெட்டகத்தில் இருக்கிறது. கைப்பேசிகளின் புது வரவுகளுக்குத் தாங்கள் வாரந்தோறும் ஒதுக்கும் அரைப் பக்கத்தில், மாதம் ஒரு முறையேனும் இப்படிப்பட்ட கடைக் கருவிகளின் பழுதும் தீர்வும் தமிழில் வெளிவருமானால், அந்தத் தாளைப் போல வெட்டி ஒட்டிக்கொள்ள எங்கள் தெருவிலேயே சிலர் இருக்கிறார்கள். முதல் மாதத்துக்கு எங்கள் தாளின் நகலை அனுப்பித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
அலுவலக நிர்வாகி ஒருவர்,
லெபோ பசார், ஜோர்ஜ்டவுன், பினாங்கு.