பூட்டி வையுங்கள், ஆனால் வாங்கி வையுங்கள்

மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். கீட்டமைன் என்கிற மயக்க மருந்தைப் பற்றி எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் என் தங்கை மகள் மேல் இட்லிக் கொப்பரை கவிழ்ந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை. வலது தொடை முழுக்க வெந்துபோனது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். புண்ணோடு ஒட்டிக் காய்ந்த துணியை நனைத்து நனைத்து எடுப்பார் நர்ஸம்மா. அவர் கண்ணும் கலங்கியிருக்கும். பிள்ளையின் இரண்டு கையையும் அமுக்கிப் பிடிப்பது என் வேலை. இடைப்பட்ட நாளில் சோறு ஊட்டினால் வாயைத் திறக்காமல் கேட்கிறாள்: "நாளைக்கும் பிய்ப்பாவளா மாமா?"

டாக்டரிடம் கேட்டேன். "கீட்டமைன் இருந்தால் வலி தெரியாமல் முடித்துவிடலாம். இங்கே வாங்குவதில்லை. போதைக்குப் போகிற மருந்து, கணக்கில் ஒரு ஆம்பூல் குறைந்தால் யார் பதில் சொல்வது?" என்றார்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து இது. மற்ற மயக்க மருந்துகளைப் போல பொதுவாக மூச்சை அடக்காது, ரத்த அழுத்தத்தையும் இறக்காது. பெரிய கருவிகள் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் இது அதிகம் தேவை.

அதைப் பொடியாக்கி மூக்கில் உறிஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். சிறுநீர்ப்பை புண்ணாகி, ரத்தமாகப் போகும் அளவுக்கு ஆகிவிடுகிறது. அதனால்தான் 2013-ல் அட்டவணை எக்ஸ் என்கிற கடும் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். சரி, சேர்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டம் பூட்டி வை, கணக்கு எழுது என்கிறதே தவிர, வாங்காதே என்று சொல்லவில்லை. எங்கோ திருட்டுத்தனமாக விற்கிறவனைப் பிடிக்க முடியாததற்கு எங்கள் பிள்ளை பல்லைக் கடிக்க வேண்டுமா?

எதற்கெடுத்தாலும் "பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க". பிரசவமா, பாம்புக்கடியா, எலும்பு முறிவா, எல்லாவற்றுக்கும் அதே பதில். வெந்த காலோடு ஒரு பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தத் தூரம்.

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். தாலுகா ஆஸ்பத்திரிகளில் கீட்டமைன் வாங்கி வையுங்கள். இரண்டு சாவி போடுங்கள், மாதம் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், ஒழுங்காகக் கணக்கு வைக்கிற டாக்டருக்குத் துணையாக நில்லுங்கள். ஆனால் வாங்கி வையுங்கள்.

பிள்ளைக்கு இன்னும் நாலைந்து கட்டு பாக்கி இருக்கிறது. அடுத்தது வெள்ளிக்கிழமை.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்