மட்டப்பாவைப் பிரிக்கதுக்கு முன்னாடி

அன்புள்ள மாப்ளே,

இவ்வளவு நாளா பதில் போடலைன்னு கோவப்படாதே. வைய வேண்டியதை நேர்ல வரும்போது மொத்தமா வைஞ்சுக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம். நம்ம கூட்டாளி குருவி இப்பவும் கணக்கு தப்பாத்தான் போடுதான். விஷயத்துக்கு வாரேன்.

கல்லிடைக்குறிச்சி வீட்டு மட்டப்பா, அதான் தேக்கு உத்திரத்து மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய தட்டைக் கூரை, ஒழுகுது, அதை எடுத்துட்டு கான்கிரீட் போடணும், டல்லாஸ்ல கூரை மாத்தும்போது வாசல்ல டம்ப்ஸ்டர் (இடிச்சதை அள்ளிப் போடுற பெரிய இரும்புப் பெட்டி) வச்ச மாதிரி இங்கயும் வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டிருக்க. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு டிராக்டர் டிரெய்லர்லே. உங்க தெருவுக்குள்ள டிப்பர் திரும்பாது, அதனால வேற வழியும் இல்ல. ஆனா கொத்தனாரைப் பேசுறதுக்கு முன்னாடி, பிரிச்சதை எதுல அள்ளி எங்க கொட்டுறதுன்னு முடிவு பண்ணிரு. கூரை வேலை நடுவுல நின்னு போறது முக்காவாசி இதுலதான்.

முதல்ல எவ்வளவு விழும்னு கணக்குப் போடு. முன்கூடம் இருபதுக்குப் பதினஞ்சுன்னா 300 சதுர அடி. கனம், மேல தட்டோடு (தட்டையான ஓடு), அதுக்குக் கீழ செங்கச்சல்லி சுண்ணாம்பு, அடியில குத்துக்கல்லா நிறுத்துன சின்னச் செங்கல் எல்லாம் சேர்த்து 9 அங்குலம்னு வையி. 225 கன அடி ஆச்சா? உடைச்சா ஊதும். அதனால 1.4-ஆல பெருக்கு. 315 கன அடி, அதாவது நூறு கன அடி ஒரு யூனிட்டுன்னா மூணு யூனிட்டுக்கு மேல. டிரெய்லர் பெட்டி பத்தடி நீளம், ஆறடி அகலம், ரெண்டடி உயரம்னா ஒரு யூனிட்டு தாராளமா ஏறும். மூணு நடைல முடிஞ்சிரும்னுதான் தோணும். முடியாது. கட்டுன நிலையில ஒரு கன அடி கிட்டத்தட்ட 50 கிலோ. மொத்தம் 11 டன்னுக்கு மேல போகுது. நடைக்கு 3 டன்னோட நிறுத்துனா நாலு நடை. உங்க ஊர்லயும் பெட்டி நிறைஞ்சதைப் பாக்காம எடையைப் பாத்துத்தானே கூடுதல் காசு வாங்குதான்? இதுவும் அதே கதைதான். மழையில நனைஞ்சா இன்னும் கனக்கும், ராத்திரி தார்பாய் போட்டு மூடச் சொல்லு.

வாடகையை மணிக்குப் பேசாதே, நடைக்குப் பேசு. டிரைவர் டிரெய்லரைக் கழட்டி வாசல்ல விட்டுட்டுப் போறதா இருந்தா ஒரு சங்கதி உண்டு. ரெண்டு சக்கர டிரெய்லர், முன்பக்கம் ஸ்டாண்டுல நிக்கும். சித்தாளுங்க பின்கதவு பக்கத்துலதான் கொட்டுவாங்க, அதுதான் அவங்களுக்குக் கிட்ட. பின்பக்கம் கனம் ஏற ஏற மூக்கு தூக்கிரும். முன்னாடி இருந்து நிரப்பணும், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை முட்டு குடுக்கணும், ஸ்டாண்டுக்கு அடியில கனமான பலகை போடணும். சக்கரம் வாருகால் (சாக்கடை) மூடியில ஏறாம பாத்துக்கோ. அந்த மூடி உடைஞ்சா எதிர்வீட்டு ஆச்சி உன்னை அமெரிக்கா வரைக்கும் விடமாட்டாவ.

இப்போ விளையாட்டை விட்டுட்டுக் கேளு. பிரிக்கும்போது ஆளுங்க செங்கல் மேல நிக்கக் கூடாது. உத்திரத்துக்கு உத்திரம் குறுக்கால பலகை போட்டு அது மேல நின்னுதான் உடைக்கணும், அடியில முட்டுக் குடுத்திருக்கணும், கீழ ஒரு மனுசர் நடமாடப் படாது. சம்மட்டியால அடிக்க விடாதே, கடப்பாரையால மேலேருந்து அடுக்கடுக்கா நெம்பி எடுக்கட்டும். உடைச்சதை மாடியிலயே குமிச்சு வைக்கிறதுதான் எல்லாத்தையும் விட மோசம். சாயங்காலம் ஒரேயடியா இறக்கிக்கலாம்னு சொல்லுவாங்க. ஒரு அடி உயரக் குமியல்னா சதுர அடிக்கு 35 கிலோ, அதுவும் நுனி உளுத்துப்போன உத்திரத்து மேல. தகரத்தைச் சரிவா சாத்தி அப்பப்போ டிரெய்லருக்குள்ள இறக்கணும். தூசிக்கு லேசாத் தெளிச்சாப் போதும். சுண்ணாம்பு கண்ணுல பட்டா எரிச்சுத் தள்ளிரும், கண்ணாடி வாங்கிக் குடு.

பக்கத்து வீட்டோட பொதுச்சுவர் இருக்கே, அதுல சொருகியிருக்கிற உத்திரத்தை ஆட்டி இழுத்தா அவங்க பக்கத்துச் சாந்து பேந்து வந்துரும். சுவரோட ஒட்ட வாளால அறுத்து எடுத்துட்டு, உள்ள இருக்கிற துண்டைப் பிறகு பக்குவமா எடுத்து அடைச்சிக்கலாம். கரண்டு சர்வீஸ் ஒயர் கைப்பிடிச் சுவர்ல மாட்டியிருந்தா, முதல் நாளே மின்வாரியத்துல சொல்லி மாத்திரு.

புறவாசல்ல ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு கிடக்கும்ல, அது இந்த ரப்பிஷோட சேரவே கூடாது. உடைக்காம, தண்ணி தெளிச்சு, போல்ட்டைக் கழட்டி முழுசா இறக்கி, கனத்த பாலித்தீன்ல சுத்தித் தனியா வை.

கொட்டுற இடம்? டிரைவரைக் கேட்டா "நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி"ம்பான். விடாதே. கன்னடியன் கால்வாய்க் கரையில கொட்டிட்டுப் போயிருவான். கட்டுமானக் கழிவு விதிப்படி தெருவுலயோ வடிகால்லயோ கொட்டுனா பொறுப்பு வீட்டுக்காரனுக்குத்தான். இந்தச் செங்கல் சுண்ணாம்பு ரப்பிஷ் அஸ்திவாரத்துக்குள்ள ரொப்ப அருமையான சரக்கு. புது வீடு கட்டுற யாராவது வண்டி வாடகையையே குடுத்து எடுத்துக்கிடுவாங்க. ஆனா மரத்துண்டு, ஆலங்கன்று வேரு எதுவும் கலந்திருக்கக் கூடாது, கரையான் பிடிச்சிரும்.

அப்புறம் தேக்கு. "பழைய மரத்தை நாங்களே எடுத்துக்கிடுதோம், கூலியில கழிச்சிக்கிடுதோம்"னு காண்ட்ராக்டர் பேசுவான். நல்ல உத்திரத்தோட விலை அவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. மரமும் முழுச் செங்கலும் வீட்டுக்காரருக்குன்னு கடுதாசியில எழுதி வாங்கிரு.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு செய்யி. உத்திரத்து நுனியில ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்திப் பாக்கச் சொல்லு. உள்ள இறங்கலைன்னா மரம் கெட்டி. அப்போ ஒழுகுறது தட்டோட்டுலதான், அந்த ஓட்டுத் தளத்தை மட்டும் மாத்துனாப் போதும், நாலு நடைல முக்காவாசி மிச்சம். எனக்கென்னமோ பாதி உத்திரம் தேறும்னுதான் படுது.

மாசியில ஆரம்பிச்சா ஐப்பசி மழைக்கு முன்னாடி நிதானமா முடிக்கலாம். நுனியை போட்டோ எடுத்து, கூடத்து நீள அகலத்தோட அனுப்பு. அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

அன்புடன்,
கடைசி பெஞ்சு